ஓசிச் செயலியும் தோட்டத்து ஜீப்பும்

சிரிப்பு இதழ் ஒன்று தொடங்குவோம் என்று நாங்கள் மூவரும் முடிவெடுத்தபோது, பணம் மட்டும்தான் இல்லை என்று நினைத்தோம். சிரிப்பும் கையிருப்பில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

போடியில் இருந்து நான் எழுதுவேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் படம் போடுவார். சென்னையில் கணினி வேலையில் இருக்கும் மாப்பிள்ளை "மத்ததெல்லாம்" பார்ப்பான். மத்ததெல்லாம் என்றால், வாரத்துக்கொரு புதுச் செயலியை இறக்கச் சொல்வது.

காசு கட்டாத குழுவுக்கு ஜூமில் 40 நிமிடம். அதில் பாதி "அண்ணே, கேக்குதா?" என்பதிலேயே கரைந்தது. கூகுள் மீட்டில் 60 நிமிடம் உண்டு என்று அங்கே குடிபெயர்ந்தோம். கூடுதலாகக் கிடைத்த 20 நிமிடத்திலும் அதே கேள்விதான். அண்ணனுக்கு சிக்னல் கிடைப்பது தோட்டத்துப் பாறை ஒன்றின் மேல். மழை இறங்கினால் ஆசிரியர் குழு கலைந்துவிடும். மாப்பிள்ளை செயலிக்குச் செயலி விலை பார்த்தானே தவிர, பாறையைப் பார்க்கவில்லை. யாருக்கு சிக்னல் மோசமோ அவர் கையில் திறக்கிற செயலிதான் மலிவு என்பேன் நான்.

கூகுள் டிரைவ் 15 ஜிபி இலவசம். மின்னஞ்சலும் புகைப்படங்களும் அந்த 15-க்குள்ளேதான். என் பங்கில் சொந்தக்காரர் கல்யாணங்கள் ஏற்கெனவே பந்தல் போட்டிருந்தன.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்தால் புலம்பவே கூச்சமாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் பல நாட்டுத் தன்னார்வலர்களும் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். "அப்ப வீடியோ கால் எல்லாம் ஏது?" என்றான் மாப்பிள்ளை. அதனால்தான் வேலை நடந்தது என்பது என் கட்சி.

எங்கள் ஊர் ஏலக்காயே நறுமணப் பொருள் வாரியத்தின் மின்-ஏலத்தில்தான் விலை போகிறது. அங்கே கூட, கணினி முன் உட்கார்ந்து விலை கேட்கும் வியாபாரியின் கைக்கு மாதிரிக் காய் வந்துவிடும். அண்ணனும் அந்த வழிக்கே வந்தார். போடியிலிருந்து விடிகாலையில் வேலைக்கு ஆள் ஏற்றிப்போய்ச் சாயங்காலம் திரும்பும் ஜீப்பில், வரைந்த தாள்களையே கொடுத்துவிட்டார். பாறை மேல் பாதியில் நின்றுபோகும் பதிவேற்றம், வளைவுகளெல்லாம் இறங்கி முழுசாக வந்து சேர்ந்தது, ஏலக்காய் வாசத்தோடு.

டிரைவர் தம்பி வழியெல்லாம் அதை ஜீப்பில் இருந்தவர்களுக்குக் காட்டியிருக்கிறார். "மூணாவது படத்துக்கு ஒருத்தரும் சிரிக்கலண்ணே. மாத்திருங்க."

காசு கட்டினாலும் இந்த வசதியை எந்தச் செயலி தரும்? விஷயம் தெரிந்ததும் மாப்பிள்ளை அவருக்கும் ஒரு லிங்க் அனுப்பினான். பாஸ்வேர்டு கேட்கிறதாம்.