தியாகத் தீவு

மனைவிக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னால் மனம் தளராதீர்கள். ஜனவரியில் அந்தமானுக்கு டிக்கெட் போடுங்கள். மழை ஓய்ந்து, கடல் அடங்கியிருக்கும். நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்பதால், அங்கே மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் இறங்கிவிடும். "ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிங்க" என்ற டாக்டர் பேச்சைத் தட்டாத சூரியன்!

எதிர்வீட்டுக்காரர் போய் வந்தார். உத்தமர். மனைவிக்குச் சபலம் தட்டக்கூடாதே என்று, ராதாநகர் கடற்கரையில் அம்மாள் பங்கு இளநீரையும் வழுக்கை சுரண்டித் தானே முடித்தார். விடுதியின் காலை உணவில் ஜிலேபி, அன்னாசி ஜூஸ், வெண்ணெய் மினுங்கும் பரோட்டா எல்லாம் எதிரிப்படை. ஒன்றையும் உயிரோடு விடவில்லை. அம்மாள் வெள்ளரிக்காயைக் கடித்தபடி ஈர மணலில் நடந்தார். "நீ நட, நான் செருப்பைப் பார்த்துக்கறேன்" என்று நிழலில் காவல் இருந்தார் இவர். இந்தக் காலத்தில் யார் செய்வார்?

ஊர் திரும்பியதும் இருவரும் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். அம்மாளுக்கு 108. ஐயாவுக்கு 246.

அடுத்த ஜனவரிக்கு லட்சத்தீவாம். இந்த முறை தியாகம் அம்மாளுடையது. அங்கே அல்வா கிடைக்குமா என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறார்.