லிமிட்டே கிடையாது!

அத்திப்பட்டு புதுநகர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரி ஆபீஸ். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் டிரெய்லர் அனுப்புகிற இடம். அங்கே கணக்கு பார்ப்பவர் பெரியப்பா. சோழிங்கநல்லூரில் சாப்ட்வேர் எழுதுபவன் அவருடைய தம்பி மகன். ஆபீசுக்கென்று அவன் ஒரு படிவம் செய்து கொடுத்திருந்தான்: கன்டெய்னருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு 12 கட்டம்.

"எவ்ளோ வரிசை வேணாலும் சேர்த்துக்கலாம் பெரியப்பா. லிமிட்டே கிடையாது."

"ஒரு எழுத்து தட்டிட்டு டீ குடிச்சுட்டு வந்தாதான் அது திரையில தெரியுது கண்ணு."

"அது நெட் ஸ்லோ."

"நெட் வயரைப் புடுங்கிட்டுத் தட்டிப் பார்த்தேன். அப்பவும் அதே கதிதான்."

பையன் வாயடைத்துப் போனான். நோய் சர்வரில் இல்லை, பிரவுசரில். பெரியப்பா சேர்த்திருந்த 600 வரிசைக்கு 7,200 கட்டம். அத்தனையையும் பிரவுசர் நினைவில் சுமக்க வேண்டும். வரிசைதோறும் மாநிலம் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வேறு. மாநிலமும் யூனியன் பிரதேசமும் 36 என்றால், ஒரே பக்கத்தில் 21,600 பெயர்கள். இது போதாதென்று, ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்தத் தொகையை முதல் வரிசையிலிருந்து கூட்டச் சொல்லியிருந்தான். கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்து, 7 இலக்கம். கடைசி இலக்கம் மற்ற பத்தும் சரியா என்று பார்ப்பதற்கானது. அந்தச் சரிபார்ப்பும் 600 வரிசைக்கும் மறுபடி மறுபடி நடந்தது.

"போர்ட் கேட்லகூட, வந்த வண்டியத்தான்பா நிறுத்துவான். நீ ஒரு வண்டிக்காக 600 வண்டியையும் நிறுத்துற."

"ஜிஎஸ்டி போர்ட்டல்ல லட்சக்கணக்கான பேர் போடலையா?"

இங்கேதான் பையன் மாட்டினான். 2017 ஜூலையிலிருந்து அந்தப் போர்ட்டலோடு மல்லுக்கட்டுகிறவரிடமா இதைக் கேட்பது?

"போடுறாங்க, லிமிட்டோட! ஜிஎஸ்டிஆர்-1ல ஒரு டேபிளுக்கு 500 பில் வரைக்கும்தான் ஆன்லைன்ல பார்த்துத் திருத்தலாம். ஆஃப்லைன் டூல் ஒரு தடவைக்கு 19,000 வரிசை வாங்கும். இ-இன்வாய்ஸ்ல ஒரு பில்லுக்கு 1,000 அயிட்டம். கடைசி நாள் கூட்டம் தாங்கலன்னுதான் 2020 ஜனவரியில ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் தேதியையே 20, 22, 24னு பிரிச்சாங்க. அஞ்சு கோடிக்குக் கீழ இருந்தா நம்ம ஊருக்கு 22னு அப்போ வச்சாங்க."

தேதி பிரித்தது சர்வருக்கான வைத்தியம். பிரவுசர் நோய்க்கு அது ஆகாது. ஆனால் அதைச் சொல்லி வாதாடும் நிலையில் பையன் இல்லை.

"சரி, கண்ணுல படுற 30 வரிசையை மட்டும் வரைய வைக்கிறேன். ஸ்க்ரோல் பண்ணப் பண்ண மத்தது வரும்."

"கன்ட்ரோல் எஃப் போட்டா 412வது பொட்டி கிடைக்குமா?"

"திரைக்கு வராதது... கிடைக்காது. தனியா ஒரு தேடல் கட்டம் வைக்கணும்."

"ஆக, இன்னொரு கட்டம்!"

கடைசியில் எக்செல் கோப்பை அப்படியே ஏற்றுவது என்று முடிவானது. தப்பான வரிசைகள் மட்டும் திருத்தத்துக்குத் திரைக்கு வரும். மொத்தத் தொகையைக் கூட்டுவது சேமிக்கும்போது ஒரே ஒரு முறை. சாயங்காலத்துக்குள் பையன் முடித்துவிட்டான்.

"அப்லோட் பட்டன் எங்கப்பா?"

"டேபிளுக்குக் கீழ இருக்கு பெரியப்பா. பழைய 600 வரிசையையும் தாண்டிப் போங்க."