அம்பத்தூர்–ஆவடி–பூந்தமல்லி முக்கோணத்தில் நடுவயதினரின் கீபோர்டு பயிற்சி: ஒரு முதற்கட்ட ஆய்வு

கல்வெட்டியலும் நாணயவியலும் தமிழகத்தில் போதுமான அளவு வளர்ந்துவிட்டன. ஆனால் சென்னையின் மேற்குப் புறநகரில், நாற்பதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எதைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாமல் இருப்பது வருந்தத்தக்கது. அக்குறையை ஓரளவு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி கரையான்சாவடி. மொகப்பேர்வாசிகள் முகவரி கேட்டால் அண்ணா நகர் மேற்கு என்று சொல்லும் வழக்கம் உடையவர்களாதலால் விலக்கப்பட்டனர்.

முதலில், ஏன் பியானோ இல்லை என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். 1700ஐ ஒட்டி ஃபிளாரன்ஸ் நகரில் இக்கருவியைச் செய்த பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி, லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியை மனத்தில் வைத்து அதைச் செய்யவில்லை. சுவரோரம் நிற்கும் பியானோவே 200 கிலோ அளவில் இருக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது உள்ளே நடக்கும் இழுபறி. 200க்கும் மேற்பட்ட எஃகுக் கம்பிகள் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 20 டன். ஆவடி வாசகர்களுக்குப் புரியும்படி சொன்னால், 1965இல் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கின் எடை ஏறக்குறைய 39 டன். இரண்டு பியானோ வாங்கினால் ஒரு டாங்கைத் தொங்கவிடும் விசை வீட்டுக்குள் வந்துவிடும். காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கே ஹவுஸ் ஓனரிடம் அனுமதி வாங்க வேண்டிய ஊரில் இது நடக்காது. போதாக்குறைக்குச் சென்னையின் ஈரக்காற்று. மரம் ஊதும், கம்பி துருப்பிடிக்கும், சுருதி நழுவும். ஆகவே பியானோ பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் பங்களாக்களில், மாடிப்படி வளைவுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. 88 கட்டைகளுக்குப் பதில் 61 கட்டைகளுடன், மூன்றடிச் சொச்ச நீளத்தில், ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வரக்கூடிய கீபோர்டு இங்கே வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்தது பெரியவர்களுக்காக அல்ல. ஆய்வுக்கு உட்பட்ட வீடுகளில் கீபோர்டு என்பது பிள்ளைக்காக வாங்கப்பட்ட பொருள். ஆண்டு விழாவில் ஒரு முறை வாசித்து, ஒன்பதாம் வகுப்பு வந்ததும் டியூஷனுக்கு வழிவிட்டு, பழைய லுங்கியால் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போகும். அங்கே கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் ஓடாத டேபிள் ஃபேனுக்கும் நடுவில் ஐந்தாறு வருடம் கிடந்துவிட்டு, ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே இறங்கும். இறக்கியவர் தூசு தட்டுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கட்டையை அழுத்திப் பார்ப்பார். அழுத்தியவரிடமே அது தங்கிவிடுகிறது. சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குவது உலக வழக்கம். மகனிடமிருந்து தகப்பனுக்கு ஏறும் ஒரே சொத்து கீபோர்டு. இதை மேல்நோக்கு வாரிசுரிமை என்று பெயரிட்டு அழைக்க இவ்வாய்வாளர் முன்மொழிகிறார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகன் சொத்துக்குத் தாய் முதல் வகுப்பு வாரிசு, தந்தை இரண்டாம் வகுப்புதான். மகன் கோயம்புத்தூரில் திடகாத்திரமாக இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருக்கிறான் என்பது வேறு விஷயம். தாயின் முன்னுரிமை பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

பரணிலிருந்து இறங்கும் கீபோர்டு தன் அடாப்டர் இல்லாமலே இறங்கும். இது விதி. அதை மோடத்துக்கோ செட்டாப் பாக்ஸுக்கோ யாரோ எப்போதோ எடுத்துப் பயன்படுத்தியிருப்பார்கள். ஒன்பது வோல்ட்டா, ஒன்பதரையா, பன்னிரண்டா, நடு ஊசி பாசிட்டிவா நெகட்டிவா என்ற ஆராய்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கி, ரிச்சி தெருவில் போய் முடியும். போன கையோடு அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் கடைக்குள் நுழைபவர்களும் உண்டு. 1842இல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கிய அந்தக் கடையில் பியானோவை விரலால் தடவிப் பார்த்து, விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்து, ஹெட்போன் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். இங்கே ஒரு தவறான கருத்தைக் களைய வேண்டும். தமிழருக்கு இந்தக் கட்டைகள் புதியவை அல்ல. ஆர்மோனியம் வந்த காலந்தொட்டே பாடகரின் சுருதியை நாம் கட்டைக் கணக்கில்தான் சொல்கிறோம். வெள்ளைக்காரர் ‘சி’ என்பது ஒரு கட்டை, ‘ஜி’ என்பது ஐந்து கட்டை, வெள்ளைகளுக்கு நடுவில் நிற்கும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு கிடையாது. எனவே மூன்றரைக் கட்டை உலகில் எங்கும் இல்லை. ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் கறுப்பு கிடையாது. எனவே கீபோர்டில் ஏழரை இல்லை. இதைக் கேட்டதும் ஒரு தகவலாளியின் மனைவி, “அது கீபோர்டுக்குள்ள ஏன் இருக்கணும்? அதை வாங்கிட்டு வந்தவருக்குத்தான் இருக்கே” என்றார். இக்கூற்று ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

உடற்கூற்றுத் தடைகள் உண்மையானவை. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் மேலே தூக்குவதற்குத் தனித் தசை உண்டு. மோதிர விரலுக்கு அது இல்லை. அதன் நாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு பின்னிக் கிடக்கிறது. கல்யாணமானவர்களுக்கு அதே விரலில் கூடுதல் சுமையும் உண்டு. இதைச் சரிசெய்யவே சார்ல்-லூயி ஹனான் என்ற பிரெஞ்சுக்காரர் 1873இல் 60 பயிற்சிகள் கொண்ட புத்தகம் போட்டார். அதன் முதல் பயிற்சியை வாசிக்கும் சத்தம் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து திருநின்றவூர் ரயில் பாதை வரை கேட்கக்கூடியது. அறுபதாவதைக் கேட்டவர் யாரும் களத்தில் அகப்படவில்லை.

இதில் ஒரு தனிப்பிரிவினர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர்கள். நிமிடத்துக்கு 45 சொற்கள் அடித்த விரல்கள் சுலபமாகப் பழகிவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. தட்டச்சில் கட்டைவிரலுக்கு ஸ்பேஸ் பார் தவிர வேறு வேலை கிடையாது. பியானோவிலோ மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து கையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவது கட்டைவிரல்தான். முன்காலத்து ஐரோப்பியரும் அதை ஒதுக்கியே வைத்திருந்தார்கள் என்றும், தன் தகப்பனார்தான் அதற்கு உரிய இடம் கொடுத்தார் என்றும் பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல் 1753இல் எழுதிய நூலில் சொல்கிறார். நம் ஹையர்காரர்கள் இன்னும் 1753ஐ எட்டவில்லை. ஒவ்வொரு சுரத்தையும் ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் அடித்து, வரி முடிந்ததும் இடது கையால் எதையோ தள்ளப் பார்க்கிறார்கள்.

இரண்டு கையும் சேரும் இடம்தான் பெரும்பாலானோர் திரும்பிப் போகும் இடம். வலது கையில் பாட்டு ஓடும். இடது கையை உள்ளே விட்டதும், பாடி சந்திப்பில் லாரிக்கு வழிவிட்ட ஷேர் ஆட்டோவாக வலது கை அங்கேயே நின்றுவிடும். இதற்குத் தொழிற்பேட்டையும் ஒரு காரணம் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது முதல் இப்பகுதியின் நாள் மூன்று ஷிப்டுகளாகப் பிரிந்துவிட்டது. காலை ஆறு மணி ஷிப்டில் ஒரு வாரம் சேர்த்துவைத்த விரல் பழக்கத்தை அடுத்த வார நைட் ஷிப்டு கழுவித் துடைத்துவிடுகிறது. மைக்ரோமீட்டரில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் பிடிக்கும் டூல் ரூம் கைகள், நாலரைக் கட்டைக்குப் போகும்போது ஐந்தைத் தொட்டுவிட்டு அவமானப்படுகின்றன. வேலையில் இப்படிப் பிசகினால் பீஸ் ரிஜெக்ட். வீட்டில் ரிஜெக்ட் செய்ய ஆள் இல்லை என்பதால் அதே எட்டு அட்சரம் மறுபடியும் வரும். இப்பகுதிக் கீபோர்டுகளில் இளையராஜா பாட்டுகளின் தொடக்க இசை மட்டும் மிகச் செழிப்பாக இருப்பதும், பல்லவி ஏழ்மையாக இருப்பதும், சரணம் அறவே இல்லாமல் இருப்பதும் இதனால்தான்.

இளையராஜாவின் பெயரை எடுத்துவிட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாமதமாகத் தொடங்கியவர்கள் தங்களுக்கு ஆதாரமாக அவரையே காட்டுகிறார்கள். சென்னைக்கு வந்த பிறகு, இருபதுகளில்தான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது வயது 81. இரண்டும் சரியான தகவல்கள். நடுவில் அவர் செய்த வேலையை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

கொசு பற்றி மேலை இசையியலில் ஒரு வரி கூடக் கிடையாது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, திருவேற்காட்டை ஒட்டி ஓடும் கூவம் ஆகியவற்றின் கொசுக்கள், இரண்டு கையும் வேலையாக இருக்கும் மனிதனை இனம் கண்டுகொள்ளும் ஆற்றல் பெற்றவை. அவை மேசைக்கு அடியில், பெடல் மிதிக்கும் வலது காலையே நாடுகின்றன. அடிக்கக் குனிந்தால் தாளம் போகும்; குனியாவிட்டால் கால் போகும். இசைக் குறிப்பில் மௌனத்துக்கு முழு, அரை, கால் எனப் பல குறிகள் உண்டு. மேற்குப் புறநகருக்கென்று இன்னொரு குறி தேவைப்படுகிறது.

பரீட்சை எழுதப் போகிறவர்கள் சிறுபான்மையினர். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளில் எட்டு கிரேடுகள் உண்டு. அவற்றுக்கு முன்னால் அரிச்சுவடியாக ஒன்றும் உண்டு. வயது வரம்பு கிடையாது என்ற வாசகத்தை நம்பிப் போனால், காத்திருக்கும் அறையில் சுற்றிலும் ரெட்டைச் சடைகளும் அரை டிரவுசர்களும். “பேத்தியக் கூட்டிட்டு வந்தீங்களா சார்?” என்ற கேள்விக்கு, பத்து வருடம் கழித்து ஓய்வு பெறப்போகும் ஒரு தகவலாளி “ஆமா” என்று சொல்லிவிட்டார். சொல்லிய பிறகு பெயர் கூப்பிட்டபோது எழுந்து போக முடியாமல் போயிற்று. உண்மையில் இப்பகுதியில் கீபோர்டு தெரிந்தவர்கள் யார் என்று பார்த்தால், அவர்கள் ஞாயிறு காலையில் சர்ச்சில் வாசிக்கும் இருபது வயதுப் பையன்களும், ஆடி மாதம் அம்மன் கோயில் மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு விடியவிடிய வாசிப்பவர்களும்தான். அவர்களிடம் போய்க் கற்கலாம். “தம்பி” என்று கூப்பிட்டுப் பழகியவரை “மாஸ்டர்” என்று கூப்பிட வேண்டிவரும் என்பதே தடை.

மேல் மாடி மாமிகளின் ஆட்சேபம் தனி வகை. கமகம் இல்லாத பெட்டியில் ராகம் நிற்காது என்பது அவர்கள் வாதம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது என்பதாலும்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை உள்ளே விடாமல் வைத்திருந்தது. வாதம் வலுவானது. ஆனால் தகவலாளிகள் வாசிப்பது ராகம் என்று மாமி முடிவுசெய்ததே ஒரு பாராட்டு என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

இப்போது முதல் வகுப்பு வாரிசுக்கு வருவோம். ஆவடி காமராஜ் நகரில் ஒரு வீட்டில், கணவர் தினமும் இரவு ஹெட்போனைச் செருகி வைத்துவிட்டுப் படுப்பார். மறுநாள் இரவு பார்த்தால் செருகி பிடுங்கப்பட்டிருக்கும். ஒலியளவுத் திருகு ஏறியிருக்கும். மேலே மூடிய துண்டு ஒழுங்காக நாலாக மடிக்கப்பட்டிருக்கும். அவர் வாழ்நாளில் எதையும் நாலாக மடித்தவர் அல்லர். பழைய நோட்டு ஒன்றில் பென்சிலால் சரளி வரிசை, ஜண்டை வரிசை, கீதம் என்று பக்கங்கள் முன்னேறிக்கொண்டிருந்தன. மாயாமாளவகௌளைக்கு ஒரு கட்டையிலிருந்து தொடங்கினால் ஐந்து வெள்ளை, இரண்டு கறுப்பு என்று ஓரத்தில் குறித்திருந்தது. விசாரித்ததில், அந்த அம்மாள் பள்ளி நாட்களில் பாட்டு வகுப்புக்குப் போய், கல்யாணத்தோடு நிறுத்தியவர் என்று தெரிந்தது. பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையே, பம்பில் தண்ணீர் ஏறி முடிந்து கீரைக்காரர் போன பிறகு, சத்தமாகவே வாசித்து வந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “அவர் ஆசையா வாசிக்கிறார். நான் வாசிக்கிறது தெரிஞ்சா எங்கிட்ட சந்தேகம் கேக்க ஆரம்பிச்சிடுவாரு” என்றார்.

கணவருக்கு இது தெரியவந்தது கீழ் வீட்டுக்காரர் மூலமாக. ஹெட்போன் போட்டால் ஊருக்கு ஒன்றும் கேட்காது என்பது வாசிப்பவரின் நம்பிக்கை. இசைதான் கேட்காது, பிளாஸ்டிக் கட்டைகள் அடிவாங்கும் டொக் டொக் சத்தம் மேசைக் கால் வழியாகத் தரைக்கு இறங்கிக் கீழ் வீட்டுக் கூரைக்குப் போய்விடும். கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்தி மரியாதையாகவே கேட்டார்.

“பகல்ல உங்க வீட்ல யாரோ அருமையா வாசிக்கிறாங்க சார், கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு அப்படி என்ன வெட்டுறீங்க?”

“எலும்பு” என்றார் கணவர். சுத்த சைவக் குடும்பம்.