பொந்தியான் கொரிய இல்லியல்

பாயிரம்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயைத் தன்னகத்தே கொண்டது பொந்தியான் மாவட்டம். கடலில் கால் நட்டு நிற்கும் குக்குப் வீடுகளாலும், ஊர்ப்பெயரிலேயே அன்னாசி பழுத்திருக்கும் பெக்கான் நானாஸாலும் அறியப்பட்ட இம்மாவட்டத்தில் அண்மையில் ஒரு கொரிய இல்லம் தோன்றியுள்ளது. அது என் அத்தையின் தாமான் வீடு. அதை நேரில் கண்டும், தரையில் உட்கார்ந்தும், எழ முடியாமல் தவித்தும் தொகுத்ததே இச்சிற்றாராய்ச்சி.

தமிழர் வீட்டில் கொரியாவுக்கு என்ன உரிமை எனின், உண்டு என்க. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணமே எழுதினார். பிற்கால மொழியியலார் அதை ஏற்கவில்லை. அத்தை ஏற்றுக்கொண்டார். கொரிய நாடகத்தில் ஒரு பெண் தன் தகப்பனை "அப்பா" என்று கூப்பிட்ட இரவே, "நம்ம ஆளுங்கதான்டா இவங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறுநாள் கொன்ட்ரெக்டரை வரவழைத்தார்.

1. தளவியல்

கொரிய இல்லம் தரையில் தொடங்கும். 'ஹனோக்' எனப்படும் மரபு வீட்டில் அடுப்படிச் சூடும் புகையும் தரைக்கற்களுக்கு அடியிலுள்ள சந்துகள் வழியே ஓடி, மறுகோடிப் புகைபோக்கியில் வெளியேறும். சோறும் வெந்துவிடும், வீடும் கதகதத்துவிடும். இதற்கு ஓண்டோல் என்று பெயர். மேலே எண்ணெய் ஊறிய தாளை ஒட்டிவிடுவர். அடுப்புக்கு அருகே மிகுதியாகச் சுடும் இடம் வீட்டில் மூத்தவருக்கும் விருந்தினருக்கும் உரியது. சியோலின் சனவரிச் சராசரி உறைநிலைக்குக் கீழே என்பதால் இம்மரியாதை பொருத்தமானதே.

பொந்தியானில் வீட்டைச் சுடவைக்க அடுப்பு வேண்டியதில்லை. காலை பதினொரு மணிக்குமேல் கூரை அவ்வேலையை மேலிருந்து செய்துவிடும். ஆகவே இங்கு மூத்தவருக்குரிய இடம் மின்விசிறிக்கு நேர்கீழ். மாமா அங்கேதான் முப்பது ஆண்டுகளாகப் பிரம்பு நாற்காலியில் வீற்றிருந்தார். நாற்காலி கொரியம் அன்று என நீக்கப்பட்டது. விசிறியும் அவ்வாறே. இப்போது ஏர்கோன் 18-இல் ஓடுகிறது. அதாவது, தரையில் உட்காரும் வழக்கத்தைக் கொண்டுவந்த பின், அவ்வழக்கம் பிறந்த குளிரையும் மாதாமாதம் கட்டணம் கட்டி வரவழைத்தாயிற்று. தரையைச் சுடவைக்கும் ஏற்பாடு மட்டும் விடுபட்டுப்போயிற்று. மாமா காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அற்றேல், கொரியர் கோடையில் என் செய்தனர்? அவர்கள் வீட்டுக்கு மறுபாதி ஒன்று உண்டு. அதன் பெயர் மாரு: நிலத்திலிருந்து உயர்த்திப் பலகை பாவிய திறந்த கூடம். பலகைக்கு அடியில் காற்று புகுந்து ஓடும். குளிருக்கு அறை, கோடைக்குக் கூடம், இரண்டும் ஒரே கூரையின்கீழ். இந்த மறுபாதி குக்குப்பில் ஏற்கெனவே உள்ளது. அங்கே வீட்டுக்கு அடியில் காற்றோடு கடலும் வந்துபோகிறது. மலாய்க் கம்பத்து வீடுகளும் கால்மேல் நிற்பனவே. அத்தை வீட்டு முன்புறத்தில்கூட ஓர் அஞ்சடி இருந்தது. தூசு வருகிறதென்று கண்ணாடி வைத்து அடைத்தாயிற்று. ஆண்டெல்லாம் கோடையாகிய ஊரில், கொரிய வீட்டின் கோடைப்பாதியை அடைத்துவிட்டுக் குளிர்ப்பாதியைக் கட்டியிருக்கிறோம் என்பது இவ்வியலின் முடிபு.

2. நூலியல்

ஜோசோன் மரபின் ஜோங்ஜோ அரசர் பட்டத்துக்கு வந்த 1776-ஆம் ஆண்டிலேயே கியூஜாங்காக் என்னும் அரச நூலகத்தை நிறுவினார். 1791-இல், அரியணைக்குப் பின்னால் வழக்கமாக நிற்கும் சூரியன், சந்திரன், ஐந்து மலைகள் தீட்டிய திரைக்குப் பதிலாக, புத்தக அடுக்கு வரைந்த திரையை வைத்தார். படிக்க நேரம் வாய்க்காத நாளில் பார்த்தாவது மனம் ஆறலாம் என்பது கருத்து.

அத்தை வீட்டு அலமாரியிலும் பன்னிரண்டு நூல்கள் உள்ளன. அட்டை உண்டு, தாள் இல்லை, எல்லாம் பெட்டிகள். ஒன்றில் ரிமோட். ஒன்றில் மின்கட்டண பில். அதை அத்தை தவிர யாரும் திறக்கக்கூடாது. தடித்த ஒன்றில் மாமாவின் இரத்த அழுத்த மாத்திரை. அரசர் நூலகம் கட்டிய பின் நூலின் படத்தை வைத்தார். நாம் இரண்டாவதிலிருந்து தொடங்கியிருக்கிறோம். எனினும் மாத்திரை நூலை மாமா காலையும் இரவும் தவறாமல் திறக்கிறார். எனக்குத் தெரிந்து இந்தத் தாமானில் இத்தனை ஒழுங்கான வாசகர் வேறு எந்த நூலுக்கும் இல்லை.

3. சாடியியல்

17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-இலும் கொரியக் குயவர் செய்த பெரிய வெள்ளைச் சாடிக்கு நிலாச்சாடி என்று பெயர். ஒரே மூச்சில் வனைந்தால் சரிந்துவிடும் என்பதால் இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து ஒட்டிச் சுட்டனர். ஆதலின் எந்தச் சாடியும் முழு வட்டமன்று. இடுப்பில் ஒரு பக்கம் சற்றே பிதுங்கும். அப்பிதுக்கத்தைத்தான் உலகம் இன்று கொண்டாடுகிறது. பி.டி.எஸ். குழுத் தலைவர் ஆர்.எம். இத்தகைய சாடி ஒன்றைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். பொந்தியானிலும் ஆர்.எம். இல்லாமல் சாடி வீடு வந்து சேராது. இங்கு அவ்விரண்டெழுத்து வெள்ளியைக் குறிக்கும்.

அத்தையின் சாடி அச்சில் வார்த்தது. கோணலே இல்லையே என்றேன். "கோணலா இருந்தா மாத்தித் தரேன்னு கடக்காரரு சொல்லியிருக்காரு" என்றார். ஆனால் வீடு நிற்பது கரிச்சேற்று மண். அன்னாசிக்கு உகந்தது, அடித்தளத்துக்கு ஆகாதது. முன்வாசல் சிமெண்டுத் தளம் இரண்டு விரற்கடை இறங்கி, ஒரு தூண் மெல்லச் சாய்ந்திருக்கிறது. சாடியின் இலக்கணம் முழுதும் பொருந்துவது அந்தத் தூணுக்குத்தான். அதை நிமிர்த்தித் தருவதாகக் கொன்ட்ரெக்டர் வாக்களித்திருக்கிறார்.

4. மூட்டையியல்

கிம்சூஜா என்னும் கொரியக் கலைஞர் 1997-இல் பழைய படுக்கை விரிப்புகளில் கட்டிய மூட்டைகளை ஒரு லாரியில் குவித்து, அவற்றின்மேல் தாமே அமர்ந்து, பதினொரு நாளில் 2,727 கிலோமீட்டர் பயணம் செய்தார். மூட்டைக்குக் கொரியத்தில் 'போத்தாரி'. வீடு மாறியவர், துரத்தப்பட்டவர், வாக்கப்பட்டுப் போனவர் யாவர் கதையும் அம்முடிச்சுக்குள் இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டபோது பெட்டி படுக்கையோடு கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, கூடம் வெறுமையாக வேண்டுமெனில் அதிலிருந்தவை வேறெங்கோ இருந்தாக வேண்டும். அத்தை வீட்டில் அவை பின்னறையில் உள்ளன: தையல் மெஷின், பித்தளைக் குடம், சட்டம் போட்ட கல்யாணப் படங்கள், தலைகீழாய் மாமாவின் பிரம்பு நாற்காலி. மற்றதெல்லாம் பாட்டியின் நூல்சேலைகளில் கட்டிய மூட்டைகள், எண்ணினேன், பதினேழு. ஒரு சேலையில் இன்னும் கற்பூர உருண்டை வாசம். ஆகவே கூடத்தில் இருப்பது கொரியாவின் நகல். பின்னறையில் இருப்பதே கொரிய நவீனக் கலை. விருந்தினர் வந்தால் அவ்வறை பூட்டப்படும்.

புறனடை

சொல்லாமல் விட்டவற்றை இதன்வழிக் கொள்க. மரபுக் கொரிய அறை காலியாக இருப்பது அழகுக்காக மட்டுமன்று. இரவில் மெத்தை விரிப்பர், காலையில் சுருட்டிவைப்பர். சிறு பலகை மேசையில் சாப்பாடு வரும், போகும். எல்லாவற்றுக்கும் ஓர் அறையே ஆனதால் அது அடிக்கடி காலியாயிற்று. தோட்டத்து லயன் வீட்டில் அத்தை பிறந்ததும் இப்படிப்பட்ட அறையில்தான்.

சென்ற தீபாவளிக்குக் குளுவாங்கிலிருந்தும் பத்து பகாட்டிலிருந்தும் இருபது பேர் வந்து தங்கினர். பின்னறை திறக்கப்பட்டது. மூட்டைகள் அவிழ்ந்து தலையணையாயின, பாட்டியின் சேலைகள் போர்வையாயின, சாடி குளியலறைக்குப் போயிற்று. விடியற்காலை பாய்களைச் சுருட்டிச் சுவரோரம் சாத்திவிட்டு எல்லாரும் பசியாறப் போய்விட்டனர். யாரோ கண்ணாடிக் கதவைத் தள்ளி வைத்திருந்தனர், காற்று வந்தது. மாமா நாற்காலியை மீட்டு அஞ்சடியில் உட்கார்ந்திருந்தார். வெறும் தரையில் வெயில் கிடந்தது. ஏறத்தாழ அரைமணி நேரம், பிழையேதுமில்லாத கொரிய இல்லம்.

ஏழரைக்கு அத்தை வந்து, திண்டுகளை அடுக்கி, கதவை இழுத்துச் சாத்தி, கொரியாவைப் பழையபடி எடுத்து வைத்தார்.