பேணிக்குள் ஒரு பொம்பர்

புத்தூர்ச் சந்திக் கடைகளில் இரண்டு ரூபாய் மிச்சத்துக்கு டொபி கொடுத்து யாரையும் அனுப்பிவிடலாம், அம்மானைத் தவிர. "டொபியைக் குடுத்தால் பிளேன் தருவாங்களே, தம்பி? சில்லறையைத் தாரும்" என்று லாச்சிப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார். பாணுக்குக் காத்து நிற்கிறவர்கள் பொறுமையிழந்து, தங்கள் பையைத் தடவி ஒரு குத்திக் காசைக் கொடுத்து அவரை வழியனுப்புவார்கள்.

முதல் கையளவு, திட்டம் வானளவு என்று ஊருக்கு ஊர் ஒருவர் உண்டு. அதிகம் பேர் கப்பலோடு நின்றுவிடுவார்கள். அம்மானுக்கு வேண்டியது படையிலிருந்து ஓய்வுபெற்ற போர் விமானம். அதிலும் தெரிவு இருக்கிறது: 1991இல் இலங்கை விமானப்படை சீனாவிடம் வாங்கிய எப்-7. ரஷ்ய மிக்-21இன் சீன வார்ப்பு. 'சுப்பர்சொனிக்' என்று பெயர் வைத்துவிட்டு நாங்கள் பங்கருக்குள் பாய்ந்தோமே, அதே சாமான். பனங்குற்றி அடுக்கின பங்கருக்குள் குந்தியிருந்து, வருவது சகடையா பொம்பரா என்று சத்தத்திலேயே சொன்ன ஆள் அவர்.

"அது மேல நிண்டு எங்களைப் பாத்தது காணும். இனி முத்தத்தில நிக்கட்டும். நான் சாய்மனைக் கதிரையில இருந்து பாக்கிறன்."

இதற்கு என்ன மறுமொழி சொல்வது?

சேமிப்பு மூன்று பால்மாப் பேணிகளில் நடக்கிறது. மூடியில் கத்தியால் கீறின வாய். ஒட்டின கொப்பித் தாளில் நீலப் பேனையால் எஞ்சின், சில்லு, இதர செலவு. காஸ் சிலிண்டர் முடிகிற நாளில் மாமி கைவைப்பது சில்லுப் பேணியில்தான். "எஞ்சினைத் தொட்டதில்லை" என்று அவ சத்தியமே பண்ணுவா.

சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்க்க வருகிறவர்களுக்கு அம்மான் படிப்பது பெப்சிப் புராணம். அமெரிக்காவில் 70 இலட்சம் புள்ளி சேர்த்தால் ஹரியர் ஜெற் என்று பெப்சி விளம்பரம் காட்டியது. புள்ளியைப் 10 சதத்துக்கு வாங்கலாம் என்ற விதியைக் கண்டுபிடித்த ஜோன் லெனார்ட், 15 புள்ளியோடு 7 இலட்சம் டொலருக்குக் காசோலையும் அனுப்பினார். வழக்காடி 1999இல் தோற்றார். விளம்பரம் பகிடி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அம்மானின் தீர்ப்பு வேறு: "அவன் புள்ளியல்லோ சேர்க்க வெளிக்கிட்டவன். நான் காசு சேர்க்கிறன்." பிறகு, பிரிட்டனின் பழைய சீ ஹரியரை வாங்கி ஓட்டிக் காட்டிய ஓய்வுபெற்ற அமெரிக்க விமானி ஆர்ட் நால்ஸை, சொந்த மருமகனைப் போலப் புகழ்வார்.

விலைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமே: ஆயுதம் கழற்றிய செக் நாட்டு எல்-39 ஜெற், அமெரிக்காவில் இரண்டு மூன்று இலட்சம் டொலருக்குக் கைமாறுகிறது. குறைந்த விலைக்கே, டொலர் 300 ரூபாய் என்றால் 6 கோடி. நாளுக்குப் பத்து ரூபாய்ப்படி 16,000 வருடத்துக்கு மேல் பிடிக்கும் என்று ரியூசன் வாத்தியார் ஒருவர் கணக்குப் பார்த்துச் சொன்னார். அம்மான் கலங்கவில்லை. 2022இல் டொலர் 200 சொச்சத்திலிருந்து 360ஐத் தொட்டபோதுதான் கொஞ்சம் முகம் கறுத்தது: "நான் நடந்துகொண்டுதான் இருக்கிறன். பிளேன்தான் ஓடிப்போட்டுது."

எரிபொருள் அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. ஜெற் எண்ணெய் என்பது சுத்திகரித்த மண்ணெண்ணெய்தானே. பொருளாதாரத் தடைக்காலத்தில் இரண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. பலாலியும் பக்கத்தில். இந்த இடத்தில் அவருடைய வாதம் எனக்கே கொஞ்சம் பிடிபடுகிறது.

இடம்தான் சிக்கல். எப்-7 இறக்கைக்கு இறக்கை 7 மீற்றருக்குச் சற்று மேல். கிணற்றடி, தோட்டத்து வெங்காயம், மாட்டுக்கொட்டில் எல்லாம் விட்டு அளந்தால், வலது இறக்கை அரை முழம் பக்கத்துக் காணிக்குள் போகிறது.

ஊரில் இந்த விமானத்தை முழுமனதோடு நம்பும் ஒரே ஆள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான். உறுதியை எடுத்துக்கொண்டு அப்புக்காத்தரிடம் போய்வந்துவிட்டார். போன கிழமை சேவையரைக் கூட்டிவந்து எல்லையை அளந்து, கிளுவங் கதியாலும் நெருக்கி நட்டாயிற்று.

"வாங்கிறது உங்கட விருப்பம், அண்ணை. ஆனால் இறக்கை வேலியைத் தாண்டினால் தறிப்பன்."



"தறியும் பாப்பம்" என்று அம்மான் அன்றைக்கே நாலாவது பேணி திறந்தார். ஒட்டின தாளில்: வழக்குச் செலவு.