கறிவேப்பிலைக் கொசுறு: பல்லாவரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

காய் வாங்கி, கணக்குச் சொல்லி, காசும் கைமாறிய பிறகு பைக்குள் வந்து விழுகிற அந்த இரண்டு கொத்துக் கறிவேப்பிலைக்குப் பொருளியல் அறிஞர்கள் தரவேண்டிய கவனத்தைத் தரவில்லை. தங்கம், கச்சா எண்ணெய், ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதம் என்று பெரிய இடத்துச் சங்கதிகளையே பேசிக்கொண்டிருந்துவிட்டார்கள். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் பல்லாவரம். எல்லைகள்: வடக்கே திரிசூலம், தெற்கே குரோம்பேட்டை, கிழக்கே பழைய பல்லாவரம், மேற்கே பம்மல் போகும் இந்திரா காந்தி சாலை, குறுக்கே ரயில்பாதை. ஆய்வுக் கருவி ஒரு மஞ்சப்பை. நிதியுதவி, வீட்டில் கொடுத்தனுப்பிய இருநூறு ரூபாய். திரும்பிப் போய்ப் பைசா சுத்தமாகக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பதால், இவ்வாய்வின் கணக்குகள் மற்ற ஆய்வுகளைவிட நம்பத் தகுந்தவை.

இவ்வூரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்கக்கூடும். வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் சரளைக்குழி ஒன்றில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியத் தொல்லியலின் தலைவாசல் அந்தக் கல்தான் என்று பாடநூல்கள் சொல்கின்றன. பாடநூல்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அதற்கு அவர் காசு கொடுக்கவில்லை. அன்று சனிக்கிழமை. இன்றைய கணக்கில், இவ்வூரில் வாராவாரம் கூடும் வெள்ளிக்கிழமைச் சந்தை கலைந்த மறுநாள். பல்லாவரத்து மண்ணில் விலையில்லாமல் ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பழைய சான்று கிடையாது.

அடுத்த சான்று ஏழாம் நூற்றாண்டினுடையது. பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகை ஒன்று இருக்கிறது. இன்று அது தர்கா. அங்கே அம்மன்னனின் பட்டப்பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று. அதற்கு மேல் வந்தவையெல்லாம் என்ன கணக்கில் சேரும் என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

எதிர்ச்சான்றையும் மறைக்காமல் வைப்பதுதான் ஆய்வறம். பட்டினப்பாலை காட்டுகிற காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது மிகையாக வாங்கமாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள். தமிழாசிரியர்கள் இரண்டாயிரம் ஆண்டு வணிக நேர்மைக்கு இதை மேற்கோள் காட்டுவார்கள். நம் நோக்கில் பார்த்தால் நிலைமை கவலைக்குரியது. விலையும் அளவும் அப்படி இம்மி பிசகாமல் நின்ற கடற்கரை நகரத்தில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை நுழைய இடம் ஏது? சங்ககாலத்து இல்லத்தரசிகள் அங்கே போய் “கொஞ்சம் மேல போடுப்பா” என்று கேட்டிருந்தால் புலவர் அதையும் பாடியிருப்பார். ஆகவே கொசுறு பிற்கால நாகரிகம் என்று கொள்வதே பொருந்தும்.

இனி, எது கொசுறு என்பதைத் திட்டமாக வரையறுக்க வேண்டும். தராசில் முள் நின்ற பிறகு (இப்போது முள் ஏது, சிவப்பு எண்கள் நின்ற பிறகு), விலை சொல்லப்பட்ட பிறகு, பணம் கொடுக்கப்பட்ட பிறகு வருவதே கொசுறு. தராசு ஓடும்போதே ஒரு தக்காளியைக் கூடுதலாக வைத்தால் அது தாராள எடை. பணம் கொடுக்கும் முன் ஐந்து ரூபாய் குறைத்தால் அது தள்ளுபடி. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் தராசின் மேல் நிற்பதையே கண்காணிக்கிறது. தராசிலிருந்து இறங்கிய பின் நடப்பது முழுக்க நம் துறை. பூக்காரம்மா முழம் அளந்து அறுத்த பிறகு வைக்கும் நாலு பூ, பால்காரர் அளந்து ஊற்றிய பின் சாய்க்கும் ஒரு வாய்ப் பால், கறிக்கடையில் கடைசியாக விழும் எலும்புத் துண்டு எல்லாம் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் குடும்பத் தலைவர் கறிவேப்பிலைதான்.

அதன் தாவரவியல் பெயரில் இருக்கும் கோனிகி என்ற பகுதி, லின்னேயசின் மாணவரான யோஹான் கெர்ஹார்டு கோனிக் என்பவரைக் குறிக்கிறது. 1768-இல் தரங்கம்பாடி வந்து இறங்கிய மருத்துவர், தாவர அறிஞர். ஐரோப்பாவில் பிறந்து, கடல் கடந்து, சோழமண்டலக் கரையெல்லாம் செடி தேடி அலைந்த ஒருவரின் பெயர் இன்று பல்லாவரத்தில் ஓசியாகக் கைமாறுகிறது. அறிஞர்களின் புகழ் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இவ்வாய்வாளர் இதைக் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைக்காரர் ஏன் கொடுக்கிறார்? முதலில் வருவது சில்லறைக் கொள்கை. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தபோது ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு ஏற்ற நாணயம் நாட்டில் இருந்தது. பிறகு அந்தக் காசுகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, 2011 ஜூன் 30-உடன் நாலணாவும் செல்லாமல் போனது. கொத்தின் விலை காசைவிடச் சிறியதாகிவிட்டது. விற்க முடியாததைக் கொடுத்துவிடுவதுதானே வழி? மளிகைக்கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் வருவதும் இதே நோய் என்பார்கள் இக்கொள்கையினர்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் யுபிஐ வந்ததும் இது செத்துவிட்டது. இன்று இருபத்தேழு ரூபாய் முப்பத்தைந்து பைசாவைக்கூட ஒருவர் துல்லியமாக அனுப்பலாம். அனுப்பியும் கறிவேப்பிலை வருகிறது. மிட்டாய் நின்றது, கொத்து நிற்கவில்லை. நான் நேரில் கண்ட காட்சி ஒன்று: ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் தள்ளுவண்டிக்கார அக்கா ஈரச் சாக்கைத் தூக்கி, கீழேயிருந்து இரண்டு கொத்தைக் கிள்ளி, ஒருமுறை உதறி, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வாங்கியவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி மேல் இருந்த பெட்டி பேசவில்லை. “சர்வர் ஸ்லோவா இருக்குக்கா.” “வரட்டும், இன்னா அவசரம்.” இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு ரூபாய் பெறப்பட்டது என்று அது வாய் திறந்த அடுத்த நொடி, கொத்து பைக்குள் விழுந்தது. முன்பெல்லாம் காசின் சத்தத்துக்குப் பிறகு விழுந்தது. இப்போது பெட்டியின் சத்தத்துக்குப் பிறகு விழுகிறது. சடங்கின் முறை மாறவில்லை.

இரண்டாவது, சொத்தைக் கொள்கை. 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அக்கட்டுரைக்குப் பெரிய பங்கு. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தையே கெட்டுவிடும் என்பது சாரம். கத்தரிக்காய்க்குள் புழு இருக்கிறதா என்பது கார் எஞ்சினைவிடக் கடினமான கேள்வி. அப்படியானால் கொசுறு என்பது முன்கூட்டியே கட்டிய நஷ்டஈடா? இல்லை. சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பி எடுத்துப் போனால் “மாத்திக்கோம்மா” என்று வேறு எடுத்துக் கொடுக்கிறார்கள். போன தடவை கொடுத்த கறிவேப்பிலையைக் கழித்துக்கொள்வதில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

மூன்றாவது, அன்பளிப்புக் கொள்கை. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மாஸ் 1925-இல் எழுதினார்: கொடுக்கும் கடமை, வாங்கும் கடமை, திருப்பிச் செய்யும் கடமை என மூன்றும் சேர்ந்ததுதான் அன்பளிப்பு, சும்மா வருவது எதுவுமில்லை. அவர் பசிபிக் தீவுகளை வைத்துப் பேசினார். பம்மல் சாலைக்கு வந்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஏனென்றால் இக்கொள்கைக்கு வலுவான ஆதாரம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

தெருக்கோடி வீட்டில் ஒரு கறிவேப்பிலை மரம். நல்ல உயரம், மாடி வரை வளர்ந்தது. அக்கம்பக்கத்தார் கேட்டால் ஒடித்துக் கொடுப்பார்கள். அந்த வீட்டு அம்மா காய் வாங்கும்போது மட்டும், பையை விரித்துப் பிடித்தபடி அசையாமல் நிற்பார், கொத்து விழும் வரை. வீட்டில் மரமே இருக்கிறதே என்று கேட்டேன். “அது மரத்துல இருக்கறது. இது அவன் குடுக்கறது,” என்றார். மேற்கொண்டு விளக்கவில்லை. மாஸ் ஒரு நூல் முழுக்கச் சொன்னது இவ்வளவுதான்.

கதை இதோடு முடியவில்லை. ஒரு மார்கழியில் கறிவேப்பிலைக்குத் தட்டுப்பாடு. குளிரில் துளிர் விடாது. வரத்துக் குறையும், விலை ஏறும். அப்போது அந்த அம்மா வழக்கமாகக் காய் வாங்கும் கடைக்காரர் பையனை அனுப்பி, “அம்மா, நாலு கிளை ஒடிச்சுக்கட்டுமா?” என்று கேட்டுவாங்கிப் போனார். காசு பேசவில்லை. மாலையில் அம்மா அரைக்கிலோ அவரைக்காய் வாங்கினார். தன் மரத்து இலையே தன் பைக்குள் கொசுறாக விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதுவும் சொல்லவில்லை, குறையாகவும் நினைக்கவில்லை. “வாடாம இருக்கே இன்னைக்கு” என்று மட்டும் சொன்னதாகக் கேள்வி.

இந்த ஒரு நிகழ்ச்சி போதும். கொசுறில் இலைக்கு மதிப்பே கிடையாது. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பதே சரக்கு. கடைக்காரர் பேரேடு எழுதுவதில்லை. ஆனால் இந்த வாரம் வராதவர் யார், பக்கத்துக் கடையின் பையோடு இவ்வழியே நடந்து போனவர் யார் என்பதெல்லாம் அடுத்த முறை விழும் கொத்தின் அளவில் எழுதியிருக்கும். வேலைக்குப் போய்விட்டு இரவு இறங்கி வரும் ஆண்களுக்குக் காம்பு அதிகமாகவும் இலை குறைவாகவும் வருகிறது. வீட்டில் பையைக் கவிழ்த்ததும் அது கண்டுபிடிக்கப்படுகிறது. கேட்டு வாங்குகிறவருக்கு ஒரு கொத்து. அதட்டிக் கேட்பவருக்கு “கட்டு பத்து ரூபா விக்குது சார்.” தானே கையை நீட்டி எடுப்பவருக்குச் சாக்கு மூடப்படும். கேட்காமல் பையை மட்டும் விரித்துக் காத்திருக்கும் அறுபது வயதுப் பெண்மணிக்குக் கொத்தமல்லியும் சேர்த்து வரும். கொத்தமல்லி வந்துவிட்டால் அந்த உறவில் இனி ஆராய எதுவுமில்லை. வேறு வீட்டைப் பார்க்கப் போகலாம்.

உலகில் மற்றவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரத்துக் கடைகளில் பொருள் வாங்கி முடித்ததும் கூடுதலாக ஏதாவது கேட்டு வாங்கும் வழக்கம் இருந்ததை மார்க் ட்வைன் 1883-இல் எழுதியிருக்கிறார். குழந்தைக்கு ஒரு துண்டு அதிமதுர வேர், வேலைக்காரருக்கு ஒரு சுருட்டு. ஆளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. நம் ஊரில் எல்லோருக்கும் அதே கறிவேப்பிலைதான், ஆளுக்கு ஏற்றபடி மாறுவது கொத்தின் அளவு. இங்கிலாந்து ரொட்டிக்காரர்கள் டஜனுக்குப் பதின்மூன்று கொடுத்தது எடை குறைந்தால் விழும் தண்டனைக்குப் பயந்து என்பார்கள். பயத்தில் வருவதை இத்துறை ஏற்பதில்லை.

சூப்பர் மார்க்கெட்டுகளைப் பற்றி ஒரு சொல். 1916-இல் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய கடையில் வாங்குபவரே பொருளை எடுத்துக்கொள்ளும் முறை வந்தது. எடுத்துக் கொடுக்கும் கை அன்றோடு போனது. 1974 ஜூன் 26-இல் ஓஹையோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு முதன்முதலாகப் படிக்கப்பட்டது. கோடு இல்லாத பொருள் பில்லில் ஏறாத காலம் பிறந்தது. பில்லில் ஏறாதது வாசல் காவலாளியைத் தாண்டாது. எனவே ஜிஎஸ்டி சாலையின் பெருங்கடைகளில் கறிவேப்பிலை பிளாஸ்டிக் உறைக்குள், எடையோடு, விலையோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அங்கே போடுகிறார்களே என்று சிலர் வாதாடலாம். அது எல்லோருக்கும் அச்சடித்து ஒட்டியது. ஒட்டியதும் அது விலைப்பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் கொசுறு அரிது என்பது எமக்கே முதலில் புதிராக இருந்தது. பழைய நாற்காலி, மீன்தொட்டி, புறா, செடி, யாருடைய போனோ தெரியாத போன் எல்லாம் கிடைக்கும் அவ்விடத்தில் ஒரு கொத்து இலைக்கா பஞ்சம்? கிளிஃபர்டு கீர்ட்ஸ் 1978-இல் மொராக்கோவின் செஃப்ரூ நகரத்துக் கடைவீதியை வைத்து எழுதியது இங்கே உதவுகிறது. தகவல் அரிதான சந்தையில் மனிதர்கள் இரண்டு வழிகளைப் பிடிக்கிறார்கள்: ஒன்று பேரம், மற்றது வாடிக்கை. சந்தை பேரத்தின் வீடு. முந்நூறு என்றால் நூறு என்று தொடங்கி வழியில் எங்கோ முடியும். தெருக்கடை வாடிக்கையின் வீடு. அங்கே விலையைப் பேச வெட்கப்படுவோம், கொத்துக்கு மட்டும் பை விரிப்போம். இரண்டையும் ஒரே இடத்தில் கேட்பவர் இரண்டையும் இழப்பார்.

2021-இல் பல்லாவரமும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால், நிர்வாகத்துக்கு ஏதேனும் பரிந்துரை வைப்பது ஆய்வுமரபு. எம் பரிந்துரை: இதில் யாரும் கைவைக்க வேண்டாம். அளவு நிர்ணயம், உரிமம், கொசுறுப் பாதுகாப்புக் குழு எதுவும் வேண்டாம்.

களப்பணிக்குக் கிளம்பும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஆராய்ச்சிக்காகக் கேட்கிறேன் என்று கடையில் சொல்லிவிடாதீர்கள். சொன்னவருக்கு ஒரு கட்டு எடுத்துக் கொடுத்து, பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் போகாதீர்கள்; சாக்குக்கு அடியில் காம்புதான் இருக்கும். பையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.