ராகு காலத்துக்கு நேரம் உண்டு

தொண்ணூறுகளில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நான் கணக்கெழுதியபோது, ஆபத்துகளுக்கெல்லாம் முகம் இருந்தது. நூல் விலையை ஏற்றிய மில்காரர், துணியைத் திட்டுத்திட்டாகச் சாயமேற்றித் தந்த பட்டறைக்காரர், தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பாத ஓவர்லாக் டெய்லர். யாராக இருந்தாலும் நேரில் போய்ச் சத்தம் போடலாம். போட்டுவிட்டு அவர் வீட்டிலேயே காபியும் குடித்துவிட்டு வரலாம்.

வெளிநாட்டு அரசியல் என்று நாங்கள் அறிந்ததெல்லாம் கோட்டாதான். எந்த நாட்டிலிருந்து எத்தனை உருப்படி வாங்குவது என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் வரம்பு கட்டியிருந்தன. கோட்டா கையில் இருந்தவர் தைக்கவே வேண்டாம், அதை விற்றே பிழைக்கலாம், பிழைத்தவர்களும் உண்டு. 2005 ஜனவரி 1-ஆம் தேதி அது ஒழிந்தது. இனி உலகமே நம் சந்தை என்று ஊரே பூரித்தது. அதே உலகம் சீனாக்காரருக்கும் வங்கதேசத்துக்காரருக்கும் அன்றைக்கே திறந்துவிடப்பட்டதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

எங்கள் முதலாளி பஞ்சாங்கம் பார்க்காமல் தூத்துக்குடிக்கு லாரி அனுப்ப மாட்டார். “ராகு காலம் போகட்டும், அப்புறம் வண்டியெடுங்க” என்பார். இப்போது கம்பெனியை நடத்தும் அவர் மகன் பஞ்சாங்கத்தைத் தொடுவதில்லை. காலையில் எழுந்ததும் அமெரிக்க அதிபர் இரவில் என்ன எழுதினார் என்று போனில் பார்க்கிறார். ராகு காலத்தை ஒரு வருஷத்துக்கு முன்பே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதை மட்டும் அவரிடம் சொல்லி வைத்தேன்.

2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. 27-ஆம் தேதி அதன்மேல் இன்னொரு 25. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5 தனி. இரண்டாவது 25-க்குச் சொல்லப்பட்ட காரணம், இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குகிறதாம். எங்கள் தையல் மெஷின்களுக்கு ரஷ்ய எண்ணெய் போட்டதாக எனக்கு நினைவில்லை. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 சதவீதம்தான் கூடுதல். எங்களிடம் சரக்கு வாங்கும் பையரின் கடிதம் மிக மரியாதையாக வந்தது: நெடுநாள் உறவு, பெரிதும் மதிக்கிறோம், வரியில் ஒரு பங்கை நீங்கள் தள்ளுபடியாகத் தர முடியுமா?

ஒரு வருஷம் முன்பு நிலைமை வேறாக இருந்தது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து ஆலைகள் மூடிக் கிடந்தபோது, இங்கே விசாரணைகள் வந்து குவிந்தன. பாவம் என்றோம். பாவம் என்று சொல்லிக்கொண்டே சாம்பிள் தைத்து அனுப்பினோம்.

அதற்கும் முன்னே, 2023 டிசம்பர். ஏமன் நாட்டு ஹூத்திகளின் தாக்குதலுக்குப் பயந்து ஐரோப்பா போகும் கப்பல்கள் சூயஸை விட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல். எஃப்.ஓ.பி. கணக்கில் கப்பல் வாடகை பையர் பாடு என்றாலும், சரக்கு பிந்தினால் பணமும் பிந்தும். பஞ்சு மில்லும் பேங்கும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் காத்திருக்காது. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தூத்துக்குடி வட்டாரமே மூழ்கியது. கடல் வழியை ஏமனும் தரை வழியை வானமும் அடைத்தால் யார் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடுவது? பழைய மில்காரர் தங்கமான மனிதர் என்று அன்றைக்குத்தான் பட்டது.

இந்தப் புலம்பலை ஒரத்துப்பாளையத்துக்காரர் யாராவது கேட்டால் சிரிப்பார். 1992-ல் பாசனத்துக்கென்று அங்கே நொய்யலில் கட்டிய அணையை எங்கள் சாயக்கழிவால் நிரப்பினோம். அவர்கள் கிணறும் வயலும் கெட்டதை நாங்கள் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. அந்தக் கணக்கை எழுதியவன் நான்தான், தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, ஆறு என்று ஒன்று இருப்பது லெட்ஜருக்குத் தெரிந்தது. இன்று ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஊர் என்று பெருமையாகப் படம் காட்டுகிறோம்.

போன மாதம் பையரிடமிருந்து நீளமான படிவம் ஒன்று வந்தது. பருவநிலை மாற்றத்தால் உங்கள் தொழிலுக்கு என்ன ஆபத்து, அரசியலால் என்ன ஆபத்து, சமாளிக்க என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விகள். கடைசிக் கேள்வி, உங்கள் நிறுவனத்தின் மிகப்பெரிய ஆபத்து எது?

மகன் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். “பையர் பேரையே எழுதிரலாமான்னு பாக்குறனுங்ண்ணா.”

எழுதவில்லை. பருவமழை என்று எழுதினார். தள்ளுபடிக் கடிதத்தையும் கூடவே வைத்து அனுப்பச் சொன்னார்.